குதிரைக்குப் பதில் கார்

நுகர்வோர் உரிமைகள் பாடத்தில் நான் கேட்கும் கேள்வி: "பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய பழைய கார் பழுதானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?" வகுப்பே "போகலாம்" என்னும். முடியாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிகமாக விற்பவருக்கே பொருந்தும். தனியாள் விற்பனைக்கு 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்தான். அதிலும் தரத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் இல்லை. விற்கும் உரிமை அவருக்கு உண்டு, மறைத்த கடன் வண்டிமேல் இல்லை என்ற அளவே.

பொய் சொல்லி விற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கோரலாம். மௌனமாக இருந்தால்? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைக் குதிரையை வைத்தே விளக்குகிறது. குறையை அறிந்தவர் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றால் மோசடி ஆகாது. வாங்குவது மேஜரான தன் மகள் என்றால் சொல்லும் கடமை உண்டு (மாணவிகளுக்கு இது மிகவும் பிடிக்கும்). "நீங்கள் மறுக்காவிட்டால் நல்ல குதிரை என்றே கொள்வேன்" என்று வாங்குபவர் சொன்னபின் மௌனம் காத்தால், அந்த மௌனமே பேச்சு.

குதிரைக்குப் பதில் காரை வைத்து இருவரை நடிக்க வையுங்கள். "விபத்தில் சிக்கியதா? வெள்ளத்தில் நின்றதா?" என வாங்குபவர் எழுதிக் கேட்கட்டும். நம் பெற்றோர் பலர் சேமிப்பைக் கொட்டி வாங்குவது பழைய வண்டியைத்தான். பதிவுச் சான்றில் அடமானக் குறிப்பைத் தேடவும், 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவும் பிள்ளைகளே வீட்டில் சொல்வார்கள்.