கலர்ப் பொடியும் வீட்டுச் சூரணமும்: பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு

மகனுக்கோ மகளுக்கோ திருமணமாகிவிட்டது. நல்ல செய்தி எப்போது வரும் என்று வீடே காத்திருக்கிறது. "கடைச் சாப்பாட்டில் எல்லாம் கலரும் கெமிக்கலும்தான். இந்தச் சூரணம் அந்த நஞ்சை முறித்துவிடும், குழந்தை தங்கும்" என்ற தகவல் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கலாம். அதை வாங்கிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

உணவில் சேர்க்கும் பொருள்கள் எல்லாம் கெடுதலா?

இல்லை. சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்ட சேர்பொருள்களை மட்டுமே, விதிக்கப்பட்ட அளவுக்குள் உணவில் சேர்க்கலாம். பொட்டலத்தின் பின்புறத்தில் அவற்றின் பெயரையோ எண்ணையோ காணலாம். டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறத்தின் எண் 102. அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டியின் எண் 621.

உணவுக்கே உரியதல்லாத சாயங்கள்தான் கவலைக்குரியவை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. துணிகளுக்கு நிறமேற்றப் பயன்படும் ரோடமின் பி என்ற சாயம் அதில் இருந்ததே காரணம். பெயரும் விவரமும் இல்லாத பொட்டலத்தில் ஊரிலிருந்து வரும் கலர்ப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மூலிகைச் சாறு காப்பாற்றும் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்கு உணவுச் சாயத்தையோ சுவையூட்டியையோ அதிக அளவில், பல வாரங்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் ஆண் எலிகளின் விந்தணுக்கள் பாதிக்கப்பட்டன. மஞ்சள், இஞ்சி, கருஞ்சீரகம் போன்றவற்றின் சாற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது.

ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நாம் உண்ணும் அளவு வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் என்ற பொருள் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அதிலும் சிறு பகுதியைத்தான் உடல் ஏற்றுக்கொள்ளும். மனிதர்கள் சூரணம் சாப்பிட்டு உணவுச் சேர்பொருளின் பாதிப்பிலிருந்து தப்பினார்கள், அதனால் குழந்தை உண்டானது என்பதற்குச் சான்று இல்லை. ரசத்திலும் குழம்பிலும் வழக்கம்போல் மஞ்சளும் இஞ்சியும் சேருங்கள். அது நல்ல சமையல். செறிவூட்டிய மாத்திரையும் சாறும் வேறு விஷயம்.

மருந்திலேயே ஈயம் இருந்தால்?

2011, 2012ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் கர்ப்பிணிகள் ஆறு பேரின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது தெரியவந்தது. அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்டு வந்தவர்கள். ஈயம் விந்தணுவைப் பாதிக்கும். தாயின் உடலிலிருந்து கருவுக்குச் சென்று குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். மஞ்சளும் இதற்கு விலக்கல்ல. வங்காளதேசத்தில் மஞ்சளின் நிறம் எடுப்பாகத் தெரிய ஈயச் சாயம் கலக்கப்பட்டதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிங்கப்பூரில் இந்தியப் பாரம்பரிய மருந்துகளை விற்க, சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு வரம்பு உண்டு. ஆனாலும் கடையில் கிடைக்கிறது என்பதால் ஒரு மருந்து சோதிக்கப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• தேக்காவில் மசாலா வாங்கும்போது தயாரிப்பாளர் பெயரும் சேர்பொருள் பட்டியலும் உள்ள பொட்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு மஞ்சளையும் மல்லியையும் வாங்கி வீட்டில் அரைத்தால் கலப்படத்துக்கு வாய்ப்பு குறையும்.

• லேகியம், பற்பம், சூரணம் எதையும் மருமகளுக்கோ மகளுக்கோ தெரியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள்.

• ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால், அந்தப் புட்டியோடு மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இரத்தத்தில் ஈயம் உள்ளதா என்று பரிசோதிப்பார்கள்.

• குழந்தைக்குத் திட்டமிடும் பெண் ஒவ்வொரு நாளும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கலாம். கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்குவது நல்லது. கணவர் புகைப்பவராக இருந்தால் நிறுத்த வேண்டும்.

• முயன்று ஓராண்டு ஆகியும் கருத்தரிக்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயது அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறை ஆணிடமும் இருக்கலாம்.

சூரணத்தை நம்பி இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தால், சிகிச்சை பலன் தரக்கூடிய வயதும் கழிந்துவிடும். உங்கள் சொல்லை இளையவர்கள் மதிக்கிறார்கள். "பலதுறை மருந்தகத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று நீங்கள் சொன்னால் அவர்கள் தயக்கமின்றிப் போவார்கள்.