காயம் ஏன் சிவந்து வீங்குகிறது?

உளி நழுவி விரலைக் கிழித்துவிடுவது மரம் சீவுவோருக்குப் புதிதன்று. வெட்டுப்பட்ட இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, நிரையை முடித்த பின்னரே வீடு திரும்புவோர் பலர். மறுநாள் காலையில் அவ்விடம் சிவந்து வீங்கிச் சூடேறியிருக்கும்; தொட்டால் வலிக்கும். கிருமி புகுந்து இவ்வாறு செய்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கிருமி புகுந்திருக்கலாம். ஆயினும் அந்தச் சிவப்பையும் வீக்கத்தையும் சூட்டையும் பெரும்பாலும் உண்டாக்குவது நம் உடலே. இதற்கு அழற்சி என்று பெயர். அழற்சி எங்குத் தொடங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

நம் உடல் எண்ணிலடங்கா உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. அச்சவ்வில், வெளியே தலையும் உள்ளே வாலும் நீட்டியபடி, பலவகைப் புரதங்கள் பதிந்துள்ளன. வெளியிலிருந்து வரும் செய்தியைப் பற்றி உள்ளே அனுப்பும் இப்புரதங்களை ஏற்பிகள் என்பர். பிரட்டில் பெயர் கூப்பிடும்போது அவரவர் தம் பெயருக்கு மட்டுமே குரல் கொடுப்பதுபோல, ஒவ்வோர் ஏற்பியும் தனக்குரிய பொருள் வந்து தொட்டால்தான் அசையும்.

இவற்றுள் ஒரு குழுவுக்கு ‘டோல்’ வகை ஏற்பிகள் என்று பெயர். மனிதனிடம் 10 உள்ளன. பெயர் ஈயிலிருந்து வந்தது. பழ ஈயின் கரு உருவாவதற்குத் தேவையான மரபணு ஒன்றுக்கு ஜெர்மானிய ஆய்வாளர்கள் ‘டோல்’ எனப் பெயரிட்டிருந்தனர். அந்த மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சைக் கிருமியை எதிர்க்க இயலாமல் மடிகின்றன என்பதை 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாப்மனின் குழுவினர் காட்டினர். ஈயின் கருவை ஆராய்ந்த வேலை நம் காயத்துக்கு விளக்கம் தரும் என்று எவர் எண்ணியிருப்பார்?

1998இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லரின் குழுவினர் ஒரு விந்தையான சுண்டெலி இனத்தின் புதிரை விடுவித்தனர். ஒருசார் பாக்டீரியாக்களின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த நச்சுப்பொருள் உண்டு. மற்றச் சுண்டெலிகளைக் கொல்லும் அளவு அதனைச் செலுத்தியபோதும் இவை பிழைத்துக்கொண்டன. காரணம், அப்பொருளை உணரும் நான்காம் டோல் வகை ஏற்பி இவற்றில் பழுதாகியிருந்தது. அப்படியானால் ஏற்பி இல்லாதிருப்பதே நலமோ? இல்லை. உயிருள்ள சால்மனெல்லா கிருமி சிறிதளவு புகுந்தாலே இதே சுண்டெலிகள் மடிந்துவிடும். அளவு மீறினால் கொல்லும் அழற்சியே, அளவோடு இருக்கையில் காப்பாற்றுகிறது. ஹாப்மனும் பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களுள் இருவராவர்.

ஏற்பி அசைந்ததும் செய்தி உயிரணுவின் கருவை எட்டுகிறது. உடனே உயிரணு சில தூதுப் பொருள்களை வெளியிடுகிறது. அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆதலால் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிகிறது; ஆதலால் வீக்கம். வெள்ளையணுக்கள் அவ்வழியே வெளிவந்து கிருமிகளை விழுங்கி, தாமும் இறக்கின்றன. நாம் அருவருக்கும் சீழில் பெரும்பகுதி, நமக்காக மடிந்த இவ்வணுக்களே.

தூதுப் பொருள்களுள் ஒன்று டி.என்.எப். எனப்படுவது. 1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பற்றி எழுதினர். இதற்குரிய ஏற்பி வியப்பூட்டுவது. டி.என்.எப். வந்து தொட்டால் வழக்கமாக அது, “பிழைத்திரு, உதவிக்கு ஆள் கூப்பிடு” என்னும் கட்டளையை உள்ளே அனுப்புகிறது. அந்த வழி தடைப்பட்டால் அதே ஏற்பி, “நீ இறந்துவிடு” என்னும் கட்டளையை அனுப்புகிறது. கிருமியால் உள்ளே கெட்டுப்போன உயிரணு, பிறருக்குக் கேடு பரப்பாமல் மறைவதற்கு இஃது ஒரு வழி.

இறப்பிலும் வகை உண்டு. ஒருவகையில் உயிரணு சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அண்டை அணுக்களால் விழுங்கப்படுகிறது. அவ்விடத்தில் பொதுவாக அழற்சி எழுவதில்லை. 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர்; இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஆண்டுதோறும் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதைக் காணும் நமக்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். கருவிலுள்ள குழந்தையின் விரல்களுக்கிடையே இருக்கும் சவ்வு மறைவதும் இவ்வகை இறப்பினாலேயே. மற்றொரு வகையில் உயிரணு வெடித்து, உள்ளிருப்பவை வெளியே சிதறுகின்றன. சிதறிய பொருள்களை அண்டை அணுக்களின் ஏற்பிகள் உணர, அழற்சி மேலும் மூளுகிறது.

விரலளவில் நிற்கும் வரை இது நன்மையே. கிருமி இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் இத்தகைய அழற்சி மூண்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து சிறுநீரகம் முதலிய உறுப்புகள் கெடும். காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலேறினாலும், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலும், மூச்சு விரைந்தாலும், பேச்சுத் தடுமாறினாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

வீக்கத்தை அடக்கக் கண்ட மாத்திரையை விழுங்குவதும் தவறு. மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. வலியும் வீக்கமும் குறைந்ததென்று நாம் மகிழ்ந்திருக்க, உள்ளே கிருமி பெருகும். மருத்துவர் அளவறிந்து தரும் ஸ்டீராய்டு வேறு. அதைத் திடீரென நிறுத்துதல் கூடாது.

இனி, வீக்கமே இல்லாத காயத்தைப் பற்றி ஒரு சொல். எலியின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரா கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுள் நுழையும். இக்கிருமியின் மேலுறைப் பொருளைச் சுண்டெலியின் நான்காம் டோல் வகை ஏற்பி உணர்கிறது; மனிதனுடையதோ உணர்வதில்லை. வாயிற்காவலன் அறியாமல் நுழைந்தவன்போல் அது உடலெங்கும் பரவ இயல்வதற்கு இதுவும் ஒரு காரணமென்று ஆய்வாளர் கருதுகின்றனர். கீறல் ஆறியிருக்கும், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில், சில வேளைகளில் ஒரு மாதம் வரை கழித்து, காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு ஆகியன தோன்றும்.

ஆகவே காயம் சிறிதாயினும் ஓடும் தூய நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி மூடுதல் வேண்டும். கால்வாய் நீரில் இறங்குவோர் பூட்ஸ் அணிதல் வேண்டும். மேற்கூறிய காய்ச்சல் கண்டால் கிளினிக்கில், “தோட்டத்தில் வேலை செய்கிறேன், இன்ன நாளில் இன்ன நீரில் இறங்கினேன்” என்பதை மருத்துவர் கேட்குமுன்னரே சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தால், தகுந்த மருந்தைக் காலத்தில் தொடங்க அவருக்கு இயலும்.