முண்ணாணின் குருதிக் குழாய்களைக் காந்தத்தாற் காணல்

மூளைக்குச் செல்லும் குருதியைப் பற்றிப் பலரும் அறிவர். முண்ணாணுக்குச் செல்லும் குருதியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும் நிற்றலும் நடத்தலும் சலங்கழித்தலும் அக்குருதியை நம்பியே நிகழ்கின்றன. அதனைச் சுமக்கும் குழாய்களை உடலைக் கீறாமற் காண்பது எவ்வாறு, அதனால் விளையும் பயன் யாது என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

முண்ணாணின் முன்புறத்தே ஒரு நாடியும் பின்புறத்தே இரு நாடிகளும் நெடுக ஓடுகின்றன. கழுத்து வழியாக வரும் குருதி மட்டும் இவற்றுக்குப் போதாது. ஆதலாற் பெருநாடியின் கிளைகளிலிருந்து பிரியும் சில சிறு நாடிகள் முள்ளென்புகளுக்கிடையேயுள்ள துவாரங்கள் வழியே நுழைந்து துணைபுரிகின்றன. அவற்றுட் பெரியதனைக் கிராக்கோ நகரப் பேராசிரியர் ஆதம்கீவிச் 1881, 1882 ஆம் ஆண்டுகளில் விவரித்தார். பெரியதெனினும் அதன் விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே. பெரும்பாலாரில் அது இடப்புறத்தே, 9 ஆம், 12 ஆம் நெஞ்சு முள்ளென்புகளுக்கு இடைப்பட்ட பகுதியில் உட்புகுந்து மேலேறி, கொண்டையூசிபோல வளைந்து முன்நாடியைச் சேர்கின்றது. பெருநாடியிற் சத்திர சிகிச்சை செய்யுங்கால் இச்சிறு நாடி அடைபடின் இரு கால்களும் செயலிழக்கக் கூடும்.

இனி, காந்தம் செய்யும் தொழிலைக் காண்போம். நம் உடலிற் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் வலிய காந்தப் புலத்தில் ஒரு குறித்த மீடிறனுக்கு இசைந்து பரிவுறுகின்றன. 1.5 தெசுலாப் புலத்தில் அம்மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் அதிர்வுகளாம். அப்புலம் பூமியின் காந்தப்புலத்திலும் 30,000 மடங்களவு வலியது. இப்பரிவை 1946 இற் கண்டறிந்த புளொக்கும் பேசெலும் 1952 இல் நோபெல் பரிசு பெற்றனர். இதனைக்கொண்டு படம் அமைக்கும் வழியை இலோட்டர்பர் 1973 இல் வெளியிட்டார். நீர் நிறைந்த இரு மெல்லிய குழாய்களே அவர் காட்டிய படம். அவரும் மான்சுபீல்டும் 2003 இல் அப்பரிசைப் பெற்றனர்.

முண்ணாணின் குழாய்களைப் படமாக்குதல் எளிதன்று. அவை மிக நுண்ணியவை. மூச்சாலும் இதயத் துடிப்பாலும் அப்பகுதி அசைகின்றது. நாடியும் நாளமும் ஒரே வடிவில் வளைந்து அருகருகே கிடக்கின்றன. ஆகவே வடிவத்தால் அன்றிக் காலத்தாலேயே இவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். கடோலினியம் என்னும் உலோகத்தின் சேர்வையொன்றைக் கையிலுள்ள நாளத்திற் செலுத்திச் சில செக்கன்களுக்கொரு முறை படமெடுப்பர். சேர்வை கலந்த குருதி படத்தில் ஒளிரும். முதலில் ஒளிர்வது நாடி. பின்னர் ஒளிர்வது நாளம். நாளம் உரிய காலத்துக்கு முன்னரே ஒளிருமாயின் அங்கே பிழையுண்டு என்று கொள்ளலாம்.

அப்பிழைகளுள் முண்ணாணிற் பெரிதும் காணப்படுவது, அதனைப் போர்த்த தடித்த உறையில் ஒரு சிறு நாடி நேரே நாளத்தோடு இணைந்துவிடுதலாகும். நாடியின் அமுக்கம் நாளங்களிற் பரவ, முண்ணாணிற் குருதி தேங்கி, அது வீங்கி நலிகின்றது. ஐம்பது வயது கடந்த ஆண்களையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகின்றது. நடக்க நடக்கக் கால்கள் சோரும், உணர்வு மரக்கும், சலம் கழித்தல் கடினமாகும். முதுமையென்றும், முள்ளந்தண்டின் இடைத்தட்டு விலகலென்றும், சுக்கிலச் சுரப்பி நோயென்றும் கருதி ஓராண்டு, மூவாண்டுகூடக் கழிந்துவிடுவதுண்டு. சாதாரண காந்தப் பரிவுப் படத்திலேயே முண்ணாணின் வீக்கத்தையும், விரைந்தோடும் குருதியாற் கருமையாய்த் தோன்றும் நெளிந்த குழாய்களையும் காணலாம்.

எனினும் காந்தப் படமே முடிவன்று. பெருநாடியின் கிளைகளுட் குழாய் செலுத்தி எக்ஸ்-கதிரால் எடுக்கும் படமே இறுதிச் சான்று. முன்னர் இருபுறத்துக் கிளைகளையும் ஒவ்வொன்றாகத் தேடவேண்டியிருந்தது. காந்தப் படம் தேடவேண்டிய மட்டத்தை முன்னரே சுட்டுவதால் நேரமும் கதிரும் மருந்தும் குறைகின்றன. பின்னர்ச் சத்திர சிகிச்சையாலேனும், குழாய்வழிச் செலுத்தும் பசையாலேனும் அவ்விணைப்பை அடைப்பர். பெரும்பாலாரில் நோய் மேலும் முற்றாது நிற்கின்றது. பலரின் நடை சீரடைகின்றது. ஆனால் நெடுங்காலம் நலிந்த முண்ணாண் முழுதும் மீள்வதரிது.

எம் பழைய மாணவருள் ஐம்பதைக் கடந்தோர் பலர். கால்கள் நாளுக்கு நாள் சோர்வதை முதுமையின் இயல்பென்று ஒதுக்காது காலத்தே வைத்தியரை நாடுமாறு அவர்களை வேண்டுகிறோம். பௌதிகம் பயிலும் மாணவரோ, சோதனைச் சாலையிற் கற்கும் பரிவு என்னும் தத்துவம் ஒருவரை மீண்டும் நடக்கச் செய்யவும் துணையாகும் என்பதை உளங்கொள்வாராக.