சாட்சியா, ஜாமீனா? கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டிய ஒப்பந்தச் சட்டம்



நான் பொறியியல் படிக்கிறேன். போன செமஸ்டரில் எங்களுக்கு வணிகச் சட்டமும் ஒரு பாடம். "மெஷின் படிக்க வந்தவனுக்கு சட்டம் எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் விரிவுரையாளர் பலகையில் ஒரு மலாய்ச் சொல்லை எழுதினார்: பெஞ்சாமின். அடுத்த வகுப்பிலிருந்து நான் முதல் வரிசை.

காரணம் எங்க வீட்டுக் கதை. நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது, பாலோவில் எங்க வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவோடு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர் தவணையில் மோட்டார் எடுத்திருந்தார். கொஞ்ச மாதம் கட்டினார். பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், தவணை நின்றுவிட்டது. பாக்கியைக் கட்டச் சொல்லி அப்பா பெயருக்குக் கடிதம். அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் மோட்டாரே வாங்கலியேப்பா. சாட்சிக் கையெழுத்துதானே போட்டேன்?"

பாரத்தை எடுத்துப் பார்த்தோம். அப்பா கையெழுத்துப் போட்டிருந்த இடத்துக்குக் கீழே 'சக்சி' என்று இல்லை; 'பெஞ்சாமின்' என்று இருந்தது. சக்சி என்றால் சாட்சி. பெஞ்சாமின் என்றால் ஜாமீன்தாரர். அந்த ஒரு சொல்லுக்காக அக்காவின் படிப்புக்குச் சேர்த்த பணம் போனது.

இந்த மாதப் பாடம் அதனால்தான் ஒப்பந்தச் சட்டம். வக்கீல் ஆவதற்கு இல்லை. பேனாவைக் கையில் எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கு.

சட்டம் எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் ஒப்பந்தங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். இது பெரும்பாலும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதனால்தான் இன்றைக்கும் நம் நீதிமன்றங்களில் பழைய இந்திய வழக்குகளை மேற்கோள் காட்டுகிறார்கள்.

முதலில் ஒரு வேறுபாடு. இருவர் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டால் அது உடன்பாடு. சட்டம் அமல்படுத்தக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். எல்லா ஒப்பந்தமும் உடன்பாடுதான். ஆனால் எல்லா உடன்பாடும் ஒப்பந்தம் ஆகாது. "ஞாயிற்றுக்கிழமை கோயில்ல பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வராத நண்பன் மேல் வழக்குப் போட முடியாது, இல்லையா?

உடன்பாடு எப்போது ஒப்பந்தமாகும்? சர்க்கியூட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகம் விட்டுப்போனாலும் விளக்கு எரியாது.

1. முன்மொழிவும் ஏற்பும்

ஒருவர் "இந்த நிபந்தனையில் இதைச் செய்யத் தயார்" என்று சொல்வது முன்மொழிவு. மலாய்ப் பாரங்களில் 'தாவாரான்' என்று இருக்கும். மற்றவர் அதை அப்படியே ஒத்துக்கொள்வது ஏற்பு. "சரி, ஆனா நூறு வெள்ளி குறைச்சுக்குங்க" என்றால் அது ஏற்பு இல்லை; புது முன்மொழிவு.

ஏற்பு எந்த நேரத்தில் முடிகிறது? நம் நாட்டு வழக்கு ஒன்று இதற்குப் பெயர் பெற்றது: 1913-ல் தீர்ப்பான இக்னேஷியஸ் எதிர் பெல். ஒரு நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு 1912 ஆகஸ்ட் 20 கடைசி நாள். வாங்குபவர் ஆகஸ்ட் 16-லேயே கிள்ளானில் பதிவுத் தபால் போட்டுவிட்டார். விற்பவர் ஊரில் இல்லாததால் கடிதம் 25-ஆம் தேதி வரை தபால் நிலையத்திலேயே கிடந்தது. கெடு தாண்டிவிட்டதே? இல்லை என்றது நீதிமன்றம். தபால் வழியாகப் பதில் வரும் என்று இரு தரப்பும் எண்ணியிருந்த இடத்தில், கடிதத்தைத் தபாலில் சேர்த்ததுமே விற்பவர் கட்டுப்பட்டுவிடுகிறார்.

இன்றைக்கு நாம் தபால் போடுவதில்லை, வாட்ஸ்அப்பில் "ஓகே" போடுகிறோம். 2006-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டத்தின்படி மின்னணுச் செய்திகள் மூலமாகவும் ஒப்பந்தம் உருவாகலாம். கட்டைவிரலால் தட்டும் "ஓகே"யும் கையெழுத்துக்கு நெருங்கின சொந்தம்தான்.

2. மறுபயன்

ஒரு வாக்குக்கு ஈடாகக் கொடுப்பது, செய்வது, அல்லது செய்யாமல் இருப்பது மறுபயன். கடைக்காரர் பொருள் தருகிறார், நீங்கள் காசு தருகிறீர்கள். ஒன்றுக்கு மற்றொன்று மறுபயன். மறுபயன் இல்லாத உடன்பாடு பொதுவாகச் செல்லாது. 26-ஆம் பிரிவில் சில விதிவிலக்குகள் உண்டு.

நமக்குத் தெரிந்த கதையை வைத்தே பார்ப்போம். சம்பரனோடு நடந்த போரில் கைகேயி தசரதனைக் காப்பாற்றினாள். மகிழ்ந்துபோன தசரதன் இரண்டு வரம் கொடுத்தான். இதில் மறுபயன் உண்டா? உதவி முன்பே நடந்து முடிந்துவிட்டது. வாக்கு பிறகுதான் வந்தது. ஆனாலும், ஒருவர் தானாக முன்வந்து செய்த உதவிக்கு ஈடுசெய்வதாகப் பின்னால் கொடுக்கும் வாக்கு செல்லும் என்பது 26-ஆம் பிரிவின் விதிவிலக்குகளில் ஒன்று. ஆக, இந்தக் கட்டத்தைக் கைகேயி தாண்டிவிடுவாள்.

3. தெளிவும் எண்ணமும்

அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். 30-ஆம் பிரிவின்படி, பொருள் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது. தசரதன் என்ன கொடுத்தான்? "எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் கேள்" என்பது போன்ற வாக்கு. என்ன, எவ்வளவு, எதுவரை என்று எதுவும் இல்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. சட்டப்படி கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்ததா? 1919-ல் இங்கிலாந்தில் பால்ஃபர் எதிர் பால்ஃபர் என்ற வழக்கு. கணவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் சரியில்லாமல் இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்ட் தருவதாகச் சொன்னார். பிறகு தரவில்லை. மனைவி வழக்குப் போட்டார், தோற்றார். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளும் இப்படிப்பட்ட ஏற்பாடு பொதுவாக ஒப்பந்தம் ஆகாது என்றது நீதிமன்றம்.

ஆகவே தசரதன் இன்றைய நீதிமன்றத்துக்கு வந்திருந்தால் அவனுக்கு நல்ல வாதங்கள் இருந்திருக்கும். ஆனால் அவன் வாக்கைக் காப்பாற்றி உயிரை விட்டான். தர்மம் கேட்பதும் சட்டம் கேட்பதும் ஒன்றல்ல. தர்மம் பல நேரம் சட்டத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வாக்கைக் காப்பாற்றுகிறவன்தான் வாக்குக் கொடுக்கும் முன் அதிகமாக யோசிக்க வேண்டும். நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போடுவதும் எல்லையில்லாத வரம் கொடுப்பதும் ஒன்றுதான்.

4. தகுதி

ஒப்பந்தம் செய்ய உரிய வயதும் தெளிந்த மனமும் வேண்டும். 1971-ஆம் ஆண்டு வயது முதிர்ச்சிச் சட்டப்படி அந்த வயது 18.

இதற்கு அடிப்படையான வழக்கு 1903-ல் இந்தியாவிலிருந்து பிரிவி கவுன்சில் வரை போன மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ். உரிய வயது வராத இளைஞர் ஒருவர் வட்டிக்கடைக்காரரிடம் வீட்டை அடமானம் வைத்தார். அவர் வயது குறைந்தவர் என்பது கடன் கொடுத்தவரின் வக்கீலுக்குத் தெரியும். அந்த அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1934-ல் மலாயாவில் நடந்த தான் ஹீ ஜுவான் எதிர் தே பூன் கியாட் வழக்கிலும் இதே வழியைப் பின்பற்றினார்கள்.

உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். 1971-ல் தீர்ப்பான மலேசிய அரசாங்கம் எதிர் குர்சரண் சிங் வழக்கில், அரசாங்கச் செலவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர் ஒத்துக்கொண்ட காலம் முடியுமுன் வேலையை விட்டார். கையெழுத்துப் போட்டபோது அவருக்கு வயது போதாது, எனவே ஒப்பந்தம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் கல்வி அத்தியாவசியத் தேவை என்பதால், அதற்கான நியாயமான தொகையை அரசாங்கம் பெறலாம் என்றும் சொன்னது. பிறகு 1976-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது "எனக்கு அப்போ 17 வயசுதான்" என்று சொல்லி அரசாங்க உபகாரச் சம்பள ஒப்பந்தத்திலிருந்து தப்ப முடியாது.

5. சுதந்திரமான சம்மதம்

சம்மதம் மனமாரக் கொடுத்ததாக இருக்க வேண்டும். வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு, பிழை ஆகிய ஐந்தும் சம்மதத்தைக் கெடுக்கும். முதல் நான்கில் ஒன்று இருந்தால், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். முக்கியமான ஓர் உண்மையைப் பற்றி இரு தரப்பும் தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தமே செல்லாது.

நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் படிக்கத் தெரியாத தாளில் பெருவிரல் ரேகை வைத்துக் கப்பல் ஏறினவர்கள். ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு அனுப்புவது 1910-ல் நின்றது. அவர்களுக்குப் படிக்க வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது. படிக்கத் தெரிந்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் யாரைக் குறை சொல்வது? "நான் படிக்கவே இல்லை" என்பதை நீதிமன்றம் பொதுவாக ஒரு காரணமாக ஏற்காது.

இவை தவிர, ஒப்பந்தத்தின் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சூதாட்டப் பந்தயப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது.

ஜாமீன் என்றால் என்ன?

இப்போது எங்க அப்பாவின் கையெழுத்துக்கு வருவோம். 79-ஆம் பிரிவின்படி, மூன்றாம் ஆள் ஒருவர் தவறினால் அவருடைய கடமையை நான் நிறைவேற்றுகிறேன் என்று ஒத்துக்கொள்வதே ஜாமீன் ஒப்பந்தம். இதில் மூன்று பேர்: கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவர், ஜாமீன்தாரர்.

"அப்பாவுக்கு ஒரு காசும் வரலியே, மறுபயன் எங்கே?" என்று நானும் கேட்டேன். பதில் 80-ஆம் பிரிவில் இருக்கிறது. கடன் வாங்கியவருக்குக் கிடைத்த நன்மையே போதும். 81-ஆம் பிரிவு இன்னும் கடுமை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். பாதி இல்லை, கால் இல்லை, முழுசு.

சாட்சியின் வேலை வேறு. "இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்வது மட்டுமே. கடன் அவர் தலையில் விழாது.

"சும்மா சாட்சிக் கையெழுத்துதான்" என்று யாராவது சொல்லி ஏமாற்றியிருந்தால்? அது தவறான எடுத்துரைப்பு, மோசடியாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். வாய்ப்பேச்சாக நடந்ததை எங்களால் எப்படி நிரூபிக்க முடியும்?

ஜாமீன்தாரருக்குச் சில பாதுகாப்புகளும் உண்டு. கட்டிய பணத்தை அவர் கடன்காரரிடம் திருப்பிக் கேட்கலாம். தவணைக் கொள்முதலுக்கான 1967-ஆம் ஆண்டுச் சட்டம் நிரப்பாத பாரத்தில் கையெழுத்து வாங்குவதைத் தடுக்கிறது. ஒப்பந்தத்தின் பிரதியை ஜாமீன்தாரருக்கும் கொடுக்கச் சொல்கிறது. 2017-ல் திவால் சட்டம் மாறியபோது, இலாப நோக்கம் இல்லாமல் கல்விக் கடன், சொந்த வாகனம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது என்று ஆனது. ஆனால் கவனம்: திவாலாக்க முடியாது என்றால் கடன் இல்லை என்று அர்த்தம் இல்லை. பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம்.

பேனாவை எடுக்கும் முன்

ஒன்று, உங்கள் பெயருக்குக் கீழே என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். சக்சியா, பெஞ்சாமினா?

இரண்டு, காலி இடம் ஏதாவது இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள், அல்லது கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

மூன்று, பிரதி கேளுங்கள். குறைந்தது கைப்பேசியில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, அவர் கட்டாவிட்டால் முழுப் பணத்தையும் என்னால் கட்ட முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் "மன்னிச்சிடுங்கண்ணே" என்று சொல்வதில் தப்பே இல்லை.

ஐந்து, புரியவில்லை என்றால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வசதி குறைந்தவர்களுக்கு உதவ அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

வகுப்பில் பேச

அ) அண்ணன் தம்பிக்கு, "நீ பாஸ் ஆனா மோட்டார் வாங்கித் தர்றேன்" என்கிறார். இது ஒப்பந்தமா?

ஆ) 17 வயது மாணவி ஒருத்தி, இரண்டு ஆண்டுத் தவணையில் விலை உயர்ந்த கைப்பேசி வாங்கக் கையெழுத்துப் போடுகிறாள். இது செல்லுமா?

இ) பாரத்தில் "பெஞ்சாமின்" என்று இருக்கிறது. கடைக்காரர் "சும்மா பார்மாலிட்டி" என்கிறார். நீங்கள் என்ன கேட்பீர்கள்?

ஒரு கடைசி வார்த்தை. அப்பா அந்த நண்பரை இன்றுவரை திட்டியதில்லை. "நான்தானே போட்டேன்" என்பார். உங்கள் வீட்டிலும் கேட்டதும் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் நல்ல மனசுக்காரர் ஒருவர் இருப்பார். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள். அதுதான் இந்த மாத வீட்டுப்பாடம்.