அப்டேட் முடிந்ததும் லேப்டாப்பில் சத்தம் போச்சா? கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்

"நேத்து வரைக்கும் நல்லா பாடுச்சு. ராத்திரி அப்டேட் போட்டேன், காலையில சத்தமே இல்ல." லேப்டாப் வைத்திருக்கும் பலரும் ஒரு முறையாவது சொன்ன புகார் இது. உடனே மனதில் தோன்றுவது, 'ஸ்பீக்கர் போயிடுச்சு' என்பதுதான். ஆனால் அப்டேட்டுக்கு முன்பு ஒழுங்காக வேலை செய்த ஸ்பீக்கர், அப்டேட் முடிந்த அதே நிமிடத்தில் கெட்டுப்போவது மிகவும் அபூர்வம். கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான் இருக்கும். அதை வீட்டிலேயே, ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்ய முடியும்.

கள்ளக்குறிச்சி நகரில் இருப்பவருக்குக் கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருக்கும் மாணவருக்கு அப்படி இல்லை. பஸ் பிடித்து, கோமுகி அணை, கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி வர வேண்டும். ஒரு நாள் வகுப்பு போகும், கூட வரும் பெற்றோருக்கு ஒரு நாள் கூலியும் போகும். கடையில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாள். அதனால் கிளம்புவதற்கு முன் கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். உங்கள் ஸ்மார்ட்போன் கூடவே இருந்தால் போதும்.

ஏன் இப்படி ஆகிறது?

லேப்டாப்புக்குள் ஒலிக்கென்று தனி சிப் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் அந்தச் சிப்புடன் பேச 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் தேவை. அது இருவருக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. இயங்குதளம் புதிதாக மாறும்போது பழைய டிரைவர் ஒத்துவராமல் போகலாம், அல்லது அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரலாம். சில நேரம் டிரைவர் சரியாகவே இருக்கும், சத்தம் போகும் வழி மட்டும் ஸ்பீக்கரிலிருந்து டிவி இணைப்புக்கோ புளூடூத்துக்கோ மாறியிருக்கும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்போது விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்த லேப்டாப்களில் சில, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. அதனால் பலர் விண்டோஸ் 11-க்கு மாறப் பார்க்கிறார்கள். ஆனால் விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. இந்தத் தகுதி இல்லாத லேப்டாப்பில் குறுக்கு வழியில் ஏற்றினால், அந்த மாடலுக்கான ஒலி டிரைவரைத் தயாரிப்பு நிறுவனம் வெளியிட்டே இருக்காது. சத்தம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

மூன்று சின்னச் சோதனைகள் போதும்.

ஒன்று: போனின் இயர்போனை லேப்டாப்பில் செருகுங்கள். அதில் சத்தம் வந்தால் ஒலி சிப்பும் டிரைவரும் வேலை செய்கின்றன. பிரச்சினை ஸ்பீக்கர் அமைப்பில் மட்டும்.

இரண்டு: இயர்போனிலும் வரவில்லை, ஆனால் புளூடூத் ஸ்பீக்கரில் வருகிறது என்றால், சந்தேகம் உள்ளே இருக்கும் ஒலி சிப்பின் டிரைவர் மீதுதான்.

மூன்று: ஒரு வீடியோவில் மட்டும் சத்தம் இல்லையா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் செயலியின் அல்லது பிரவுசர் டேபின் மியூட்டைப் பாருங்கள்.

விண்டோஸ் லேப்டாப்: வரிசையாக ஆறு படிகள்

ஒரு படியில் சத்தம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1. 'ஷட் டவுன்' வேண்டாம், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் லேப்டாப் முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் டிரைவர்களை முதலிலிருந்து ஏற்றும். பாதிப் பேருக்கு இது அற்பமாகத் தெரியும், ஆனாலும் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

2. சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் ஒலி அளவு தெரியும். பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் கருவிகளின் பட்டியல் வரும். அதில் 'எச்டிஎம்ஐ' அல்லது வேறு பெயர் தேர்வாகியிருந்தால் 'ஸ்பீக்கர்ஸ்' என்று மாற்றுங்கள்.

3. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'சவுண்ட்' பகுதிக்குப் போங்கள். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள். சத்தம் உடைந்து, கரகரவென்று வந்தாலும் இது உதவும்.

4. டிரைவரைப் பாருங்கள். விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்பதை விரித்து, ஒலிக் கருவியின் பெயர் மீது (பெரும்பாலும் 'ரியல்டெக்') வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போங்கள். 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் அழுத்தும்படி இருந்தால் அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்ப வரும். பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்போது 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸே தேடி மறுபடி நிறுவிக்கொள்ளும்.

5. சரியான டிரைவரை இறக்குங்கள். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் 'சப்போர்ட்' பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்து 'ஆடியோ' டிரைவரை எடுக்கலாம். மலைப்பகுதியில் வீட்டில் சிக்னல் குறைவு என்றால், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போனிலேயே இறக்கிக்கொண்டு வந்து, சார்ஜர் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில டிரைவர்கள் சில நூறு எம்பி அளவு இருக்கும், டேட்டா எவ்வளவு மீதி இருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

6. பழைய பதிப்புக்கே திரும்புங்கள். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறி 10 நாள் ஆகவில்லை என்றால், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி' பகுதியில் 'கோ பேக்' இருக்கும். உங்கள் கோப்புகள் இருக்கும், ஆனால் மாறிய பிறகு போட்ட செயலிகள் போய்விடும். முக்கியமானவற்றை பென்டிரைவில் நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள். 'இடம் காலி செய்கிறேன்' என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்திருந்தால் இந்த வழி கிடைக்காது.

மைக் வேலை செய்யவில்லையா?

ஆன்லைன் நேர்காணலில் நீங்கள் பேசுவது கேட்கவில்லை என்றால், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'மைக்ரோஃபோன்' அனுமதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் தனியாகவும் அனுமதி கேட்கும், அதையும் பாருங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

பாஸ், உபுண்டு போன்றவற்றில் 'சவுண்ட்' அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டினால், ஒலி சிப்பை இயங்குதளம் அடையாளம் காணவில்லை என்று பொருள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் 'கிரப்' பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் கோளாறு புதிய கெர்னலில். அடுத்த அப்டேட் வரும் வரை பழையதையே பயன்படுத்தலாம்.

சிப் தெரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்கள். 'மாஸ்டர்', 'ஸ்பீக்கர்' கோடுகளின் கீழே இரண்டு எம் எழுத்துகள் தெரிந்தால் அது மியூட். எம் கீயை அழுத்தினால் விடுபடும்.

நாளைக்கே தேர்வு, நேர்காணல் இருந்தால்?

டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு ராத்திரியைக் கழிக்க வேண்டாம். யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்குங்கள். அதற்குள்ளேயே தனி ஒலி சிப் இருப்பதால், லேப்டாப்பின் சிப் வேலை செய்யாவிட்டாலும் அது பெரும்பாலும் வேலை செய்யும். முந்தின நாளே ஒரு முறை பேசிப் பார்த்துவிடுங்கள்.

இதில் ஏமாறாதீர்கள்

'சவுண்ட் வரவில்லை' என்று தேடினால் 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் அப்டேட்' என்று விளம்பரங்கள் வரும். தெரியாத தளத்திலிருந்து எதையும் நிறுவாதீர்கள். "நாங்க கம்பெனியிலிருந்து பேசுறோம், ஒரு ஆப் போடுங்க, நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்று தானாக வரும் அழைப்பை நம்பாதீர்கள். அந்தச் செயலி உங்கள் திரை முழுவதையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடும். ஓடிபி, யூபிஐ பின் எதையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

எல்லாம் செய்தும் சத்தம் இல்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை. உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் திறந்து, 'ட்ரை உபுண்டு' மட்டும் கொடுங்கள், 'இன்ஸ்டால்' கொடுக்காதீர்கள். அதில் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது. உங்களால் செய்ய முடியாவிட்டால், "ஸ்பீக்கர் மாத்தணும்" என்று சொல்லும் கடைக்காரரிடமே, "அண்ணா, பென்டிரைவில போட்டு ஒரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள். நியாயமான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் வெளிக்கடையில் திறக்க விடாமல் முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தை அணுகுங்கள். பழுது பார்த்ததற்கு ரசீது வாங்குங்கள். கட்டணத்திலோ சேவையிலோ புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

• தேர்வு, நேர்காணல், விண்ணப்பக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் பெரிய அப்டேட் போடாதீர்கள்.
• முக்கியக் கோப்புகளை பென்டிரைவில் நகலெடுங்கள்.
• மாடல் எண்ணின் படமும், ஆடியோ டிரைவர் கோப்பும் போனில் இருக்கட்டும்.
• உங்கள் லேப்டாப்புக்குப் புதிய பதிப்பு பொருந்துமா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகே மாறுங்கள்.

பாதுகாப்பு அப்டேட்களைப் பயந்து நிறுத்திவிட வேண்டாம், அவை தேவை. சத்தம் போனால் எங்கே தேட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைப் போனில் சேமித்து வையுங்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.