சொல்வது சுலபம், இறங்கிச் செய்வதே பலம்



ஊருக்குப் பொதுவாக ஒரு காரியம் தொடங்கினால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். இன்னொருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் நடக்கிற காரியமா? இப்படி எத்தனை பேரப் பாத்தாச்சு!" என்பார். முதல் ஆள் தோற்கவும் கூடும். இரண்டாவது ஆள் ஒருநாளும் தோற்கமாட்டார். ஏனென்றால் அவர் எதையும் செய்வதேயில்லை. இவர்களில் யாரால் ஊருக்கு நன்மை? இதுவே இம்முறை நமது பாடம்.

இரணைதீவு மக்கள் காட்டிய வழி

வன்னி நமக்கு அந்நிய இடமல்ல. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு நமது சொந்தபந்தங்கள் எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அந்தக் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் இருப்பதுதான் இரணைதீவு. பெரியதீவு, சின்னதீவு என்று இரண்டு தீவுகள் அங்கே சோடியாக உள்ளன.

நமக்குத் தேயிலை மலை எப்படியோ, அந்த மக்களுக்குக் கடல் அப்படி. ஆண்கள் மீன் பிடித்தார்கள். பெண்களும் கரையோரத் தண்ணீரில் இறங்கி நண்டு, கடலட்டை பிடித்துக் குடும்பம் நடத்தினார்கள். 1992ஆம் ஆண்டு யுத்தம் காரணமாகத் தீவை விட்டு வெளியேறி, முழங்காவில் பக்கத்தில் இரணைமாதா நகரில் குடியேறினார்கள். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அங்கிருந்தும் இடம்பெயர வேண்டியதாயிற்று.

2009இல் யுத்தம் முடிந்தது. இரணைமாதா நகருக்குத் திரும்பினார்கள். ஆனால் சொந்தத் தீவில் கடற்படை முகாம் இருந்தது. அங்கே போய்த் தங்கி வாழ அனுமதியில்லை. மனுக் கொடுத்தார்கள், அதிகாரிகளைக் கண்டு பேசினார்கள். வருடங்கள்தான் போயின. கடைசியில் 2017 மே மாதம் 1ஆம் திகதி, தொழிலாளர் தினத்திலேயே, தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெண்களே முன்னுக்கு நின்றார்கள். வெயிலும் மழையும் பார்க்கவில்லை.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய ஒரு வருடம்! இப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஊரிலும் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். "குந்தியிருந்தா காணி கிடைக்குமா? பெரிய இடத்தோடு மோத முடியுமா? பொழப்பப் பாருங்க." இந்தப் பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

2018 ஏப்ரல் 23ஆம் திகதி அந்த மக்கள் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள். வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு, சுமார் 40 படகுகளில் தங்கள் தீவை நோக்கிப் புறப்பட்டார்கள். கரையில் இறங்கினார்கள். தங்கள் கோயிலுக்குப் போய் மாதாவை வணங்கினார்கள். எங்கள் ஊரில் தங்குவதற்கு வந்திருக்கிறோம் என்று கடற்படையினரிடம் சொன்னார்கள். அங்கேயே தங்கவும் செய்தார்கள். அடுத்த மாதமே, 2018 மே மாத நடுப்பகுதியில், அவர்கள் தீவில் குடியிருக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிற்று. 26 வருடமாகக் கிடைக்காத பதில் சில கிழமைகளில் கிடைத்தது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வீடுகள் கூரையில்லாமல் இடிந்து கிடந்தன. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், போக்குவரத்து எல்லாம் பெரிய கஷ்டம். குறை சொல்கிறவருக்கு அங்கேயும் ஆயிரம் குறை அகப்படும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சொந்த மண்ணில் நிற்கிறவன் இடிந்த சுவரை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கட்டலாம். அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கல்லையும் எடுத்து வைக்க முடியாது.

துணிச்சல் என்றால் என்ன?

துணிச்சல் வேறு, முரட்டுத்தனம் வேறு. இரணைதீவு மக்கள் கல் எறியவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அவர்களிடம் நாம் படிக்க வேண்டியவை இவை:

1. கேட்டது ஒரே விஷயம், எங்கள் ஊரில் வாழ விடுங்கள் என்பது. பத்து விஷயத்தைக் கலந்து குழப்பவில்லை.

2. முதலில் முறையாகக் கேட்டார்கள். பலன் இல்லாதபோதுதான் அடுத்த படிக்குப் போனார்கள்.

3. ஒருவரைத் தள்ளிவிட்டு மற்றவர் வேடிக்கை பார்க்கவில்லை. கூட்டமாகப் போனார்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு.

4. ஒரு தரம் செய்து பார்த்துக் கைவிடவில்லை.

நமது மலையகமும் இப்படித்தான் எழும்பியது. வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றமாக இருந்த காலத்தில், கோ. நடேசையர் புடைவை வியாபாரி போல உள்ளே வந்து தொழிலாளரைக் கண்டார் என்பது நாம் அறிந்த வரலாறு. 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை பாட்டாகவே பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். "கூலிக்காரன் சங்கம் வைக்கிறதா?" என்று சிரித்தவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள். அவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

நமது லயத்தில்

குறை சொல்வதே பிழை என்று நான் சொல்லவில்லை. பீலித் தண்ணீர் அசுத்தம் என்று யாராவது சொன்னால்தானே தெரியவரும்? ஆனால் சொன்னவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊற்றடியைத் துப்புரவாக்க வரவேண்டும். வராமல், வந்தவர்களைப் பார்த்து, "பேர் வாங்கப் பாக்கிறான்" என்று நையாண்டி பண்ணினால், நல்ல மனசுள்ள ஒரு பொடியன் அடுத்த முறை வரமாட்டான். அந்த நட்டம் முழு லயத்துக்கும்தான்.

ஆகவே, பெரட்டுக்களத்தில் பேசிக் கலைவதோடு நிறுத்தாதீர்கள். கோரிக்கையைக் கடிதமாக எழுதுங்கள். திகதி போட்டு எல்லோரும் கையெழுத்து வையுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். நாலைந்து பேராகப் போய்க் கொடுங்கள். அதில் இரண்டு பேராவது தாய்மாராக இருக்கட்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் போங்கள். பிள்ளைக்காம்பரா கூரையாக இருந்தாலும், பிறப்புச் சாட்சிப் பத்திரமாக இருந்தாலும், வீட்டுக் காணி உறுதியாக இருந்தாலும் வழி இதுதான்.

குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள்:

• நமது லயத்தில் பல காலமாகப் பேச்சோடு நிற்கிற குறை எது?
• அதற்கு இந்த மாதத்தில் செய்யக்கூடிய முதல் வேலை என்ன?
• முன்வந்து வேலை செய்கிற ஒருவரை நாம் கேலி பண்ணியிருக்கிறோமா? இனி அவருக்கு எப்படிக் கைகொடுக்கலாம்?