ஊதா உப்பு: அளவோடு, கவனத்தோடு!

நீர் வடியும் புண்ணைக் கழுவ டாக்டர் எழுதித் தரும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆய்வகத்தில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் இதை எடுப்பாங்க. ஏன்? கரையாத உப்பு தோலைப் பொசுக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கிளிசரின் பட்டால் சிறிது நேரத்தில் தானே தீப்பிடிக்கும். சோப்பு செய்யும் நம் குழுக்களில் கிளிசரின் இருக்குமே! இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. கழிவறை ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் என்னும் விஷவாயு வரும்.

நாம் செய்ய வேண்டியவை:

* டாக்டர் சொன்ன அளவில் முழுக்கக் கரைத்தே பயன்படுத்துவோம். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தால் போதும்.
* கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.
* குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைப்போம்.
* பாட்டிலில் பெயர் ஒட்டி, பூட்டி வைப்போம்.